நாற்பதுக்கு நாற்பது வாங்கிய கல்நெஞ்சன்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அறிவுலகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வேளையில், இளஞ்சிறார் நல்வழி இல்லத்தின் இயக்குநர், அதே இல்லத்திலேயே அரசுச் செலவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கல்நெஞ்சனைக் கண்டுபிடித்தார். நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. கல்நெஞ்சனைக் கண்டுபிடித்தவர் யார் என்பது சுற்றறிக்கை மூலம் எல்லாத் துறைகளுக்கும் தெரிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே மூன்றில் இதுவே பெரியது.

இயக்குநர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லத்தின் ஊழியர்கள் அவரை எதிரே கண்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிடுவார்கள். அது மரியாதை. கூட்டங்களில் அவர் பேசி முடித்தால் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அது அவருடைய தெளிவு. வீட்டில் அவர் மனைவி பல வருஷங்களாக "சரிங்க" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திவந்தார். அது இல்லற இன்பம். இப்படி எட்டுத் திசையிலும் நல்ல பெயர் எடுத்த மனிதருக்கு, உலகப் புகழ் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

அதுவும் ஒரு காலை வேளையில் மின்னஞ்சலாக வந்து சேர்ந்தது. கடல் கடந்த தேசத்துப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். 'குற்றம் புரிந்த இளைஞர்களிடையே உளப்பிறழ்வு ஆளுமைக் கூறுகள்' என்ற பொருளில் உலக மாநாடு நடக்கப் போகிறது. அதாவது, இரக்கமில்லாமை, வெட்கமில்லாமை, செய்த தப்புக்கு வருந்தாமை, தேனொழுகப் பேசி ஏமாற்றுதல் முதலிய குணங்கள். சினிமாவில் 'சைக்கோ' என்பார்களே, அது. மேற்கு நாடுகளில் இப்படிப்பட்டவர்களை எண்ணி, அளந்து, வகைப்படுத்தி முடித்துவிட்டார்களாம். 'மேற்குலகம் அல்லாத பண்பாடுகளில்' மட்டும் போதுமான அளவு கிடைக்கவில்லையாம். இயக்குநர் உதவ முடியுமா?

இயக்குநர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். தாம் மேற்குலகம் அல்லாத ஒருவர் என்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்தே தமக்குள் இப்படி ஒரு தகுதி சும்மா கிடந்திருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனார். உடனே மணியை அடித்து ஆலோசகியை வரவழைத்தார்.

ஆலோசகி மனநலம் படித்துவிட்டு ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்திருந்த இளம்பெண். பையன்களோடு கேரம் விளையாடிக்கொண்டே அவர்கள் மனதில் இருப்பதைப் பேசவைத்துவிடுவாள். இதை இயக்குநர் 'ஒழுங்கற்ற அணுகுமுறை' என்று கோப்பில் குறித்து வைத்திருந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கையெழுத்து அவருடையது.

"நம்மகிட்ட எத்தனை சைக்கோ இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல சார்."

"எப்படிம்மா இல்லாம இருப்பாங்க? இத்தனை பசங்க இருக்காங்க. அரசாங்கம் கட்டடம் குடுத்திருக்கு, கட்டில் குடுத்திருக்கு. ஒருத்தன்கூட முன்னேறலையா?"

"எல்லாரும் சாதாரணப் பசங்க சார். தப்புப் பண்ணிட்டு முழிக்கிறவங்க."

"அளந்து பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"அளக்காம எதையும் சொல்லக் கூடாது. அதுதான் விஞ்ஞானம்."

அளவுகோலைப் பேராசிரியரே அனுப்பியிருந்தார். இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு மதிப்பெண். நாற்பதுக்கு முப்பது எடுத்தால் 'உயர்நிலை'. பையனிடம் முதலில் பேட்டி. பிறகு அவனை நன்றாக அறிந்த நெருங்கிய உறவினர் ஒருவரின் வாக்குமூலம். இரண்டும் சேர்ந்தால் முடிவு.

முதல் சுற்றில் இல்லத்துக்குப் பெருத்த அவமானம். ஒருவன்கூடத் தேறவில்லை. கைப்பேசி திருடிய பையன், அதைப் பறிகொடுத்தவரின் அம்மா அதில் அழைத்தபோது எடுத்து, "அண்ணன் நல்லா இருக்காரும்மா, இப்பத்தான் சாப்பிட்டாரு, நீங்க மாத்திரை போட்டீங்களா?" என்று விசாரித்திருக்கிறான். பூட்டை உடைத்தவன், உடைந்த பூட்டைப் பற்றிச் சொல்லும்போதே அழுதுவிட்டான். அடிதடி வழக்கில் வந்தவன், தன்னிடம் அடிவாங்கியவனுக்குப் பரீட்சை எப்படிப் போயிற்று என்று கேட்டான்.

"என்னம்மா இது, எல்லாரும் ஒற்றை இலக்கத்துல நிக்கறாங்க?" என்று இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவங்கள வெச்சிக்கிட்டு நான் எந்த முகத்தோட உலகத்து முன்னால போயி நிக்கறது?"

கடைசியாக 'டிரைவர்' வந்தான். பதினாறு வயது. பெயர்க்காரணம் சுலபமானது. ஒரு நாள் விடிகாலையில் பணிமனைக்குள் நுழைந்து, ஒரு நகரப் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விற்கவில்லை, இடிக்கவில்லை. அதற்குரிய வழித்தடத்திலேயே ஓட்டினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தினான். வயதானவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எடுத்தான். பேருந்து நேரத்துக்கு வந்ததாலும், ஓட்டுநர் யாரையும் திட்டாததாலும் பயணிகளுக்குச் சந்தேகம் வந்து, காவல் நிலையத்துக்குத் தகவல் போயிற்று.

"நீ செஞ்சதுக்கு வருத்தப்படறியா?" என்று இயக்குநர் கேட்டார்.

"ரொம்ப சார். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஒரு அம்மா பையத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. கண்ணாடியப் பாக்காம வண்டிய எடுத்துட்டேன். இன்னும் மனசு அடிச்சுக்குது."

"அது கிடக்கட்டும். பஸ்ஸ எடுத்ததுக்கு?"

"அது நல்ல வண்டி சார். கிளட்ச் மட்டும் கொஞ்சம் பிடிக்குது. சொன்னா சரி பண்ணிடுவாங்க."

'குற்றத்துக்காக வருந்தவில்லை' என்று இயக்குநர் எழுதி, அடிக்கோடும் இட்டார். இரண்டு மதிப்பெண்! வறண்ட நிலத்தில் முதல் துளி.

உண்மையில் டிரைவர் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாதக் கடைசியில் அவனை விடுவிப்பதற்கான விசாரணை. வழக்கமாக அது ஒரு சம்பிரதாயம். இயக்குநர் 'ஆட்சேபணை இல்லை' என்பார், நீதிபதி கையெழுத்துப் போடுவார். அதைவிட ஒரு நல்ல செய்தியும் இருந்தது. பணிமனையின் தலைமை மெக்கானிக், "லைசென்ஸ் இல்லாமலே இப்படி ஓட்டினவனுக்குக் கத்துக்குடுத்து வேலைக்கு வெச்சுக்கணும்யா" என்று சொல்லி, அடுத்த மாதம் முதல் தேதி சேருகிற பயிற்சியாளர்களில் ஓர் இடத்தை அவனுக்காகப் பிடித்து வைத்திருந்தார். அன்றைக்கு வராவிட்டால் இடம் வேறொருவனுக்கு. பையன் இராத்தூக்கத்தில்கூட கியர் மாற்றிக்கொண்டிருந்தான்.

இனி உறவினர் வாக்குமூலம். இங்கே ஒரு மொழிச் சிக்கல் எழுந்தது. கேள்விகளை இயக்குநரே தூய நடையில் மொழிபெயர்த்திருந்தார். "தங்கள் மைந்தனிடம் உணர்ச்சி ஆழமின்மை காணப்படுகிறதா?" என்று முதலில் வந்த தாயிடம் கேட்டபோது, அவர் பதறிப்போய், "இல்லீங்க, எல்லாத் தடுப்பூசியும் போட்டாச்சு" என்றார்.

"மக்கள் மொழியில மாத்துங்க," என்று ஆலோசகிக்கு உத்தரவாயிற்று.

அவளும் மாற்றினாள். 'உணர்ச்சி ஆழமின்மை' என்பது 'சூடு சொரணை உண்டா?' என்றாயிற்று. 'ஒட்டுண்ணி வாழ்க்கைமுறை' என்பது 'உக்காந்து தின்கிறவனா?' என்றாயிற்று. 'பொறுப்பற்ற நடத்தை' என்பது 'ஊர் சுற்றுகிறானா?' என்றாயிற்று. மாற்றி முடித்து ஒரு முறை படித்துப் பார்த்தவளுக்கு ஏதோ உறைத்தது. இதையெல்லாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தாள். எங்கே என்று பிடிபடுவதற்குள் டிரைவரின் அம்மா வந்துவிட்டார்.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். போர்வைகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து எடுத்து விரல்கள் வெளுத்திருந்தன. மகன் எப்போது வீட்டுக்கு வருவான் என்று கேட்கத்தான் அரை நாள் விடுப்பில் வந்திருந்தார். பெரிய அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்து, மகனைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார் என்றதும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதிகாரி முன்னால் பெற்ற பிள்ளையைப் புகழ்கிற பழக்கம் எந்தத் தாய்க்கு உண்டு?

"உங்க பையனுக்குச் சூடு சொரணை உண்டா?"

"அதெல்லாம் கிலோ என்ன விலைன்னு கேப்பான் ஐயா."

"பொய் சொல்லுவானா?"

"வாயத் தொறந்தா பொய்தான். தொறக்கலைன்னாலும் பொய்தான். தூங்கறேன்னு கண்ண மூடிப் படுத்திருப்பான், தூங்க மாட்டான்."

"உக்காந்து தின்கிறவனா?"

"தண்டச்சோறுன்னுதான் கூப்பிடறதே. பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவனுக்கே தெரியாது."

"எதிர்காலத்துக்கு ஏதாவது திட்டம் வெச்சிருக்கானா?"

"பஸ் ஓட்டணுமாம்."

"அதுதான் ஓட்டிட்டானே."

"அதையேதான் ஐயா நானும் கேட்டேன்!"

"பெத்தவங்க மேல பாசம்?"

"பாசமா! கல்லு ஐயா, கருங்கல்லு. காய்ச்சல் வந்து நான் படுத்துக் கிடந்தப்ப, என் நெத்தியில ஈரத்துணியப் போட்டுட்டு ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தான். போயித் தூங்குடா தூங்குடான்னு அடிச்சுக்கிட்டேன். அசையலையே! பெத்தவ பேச்ச மதிக்காத கல்லு."

'கல்' என்று இயக்குநர் எழுதிக்கொண்டார்.

இருபது கேள்விகளும் முடிந்தபோது அந்த அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. வருஷக்கணக்காகத் தான் ஒருத்தியாகச் சுமந்த பாரத்தை உலகமே சேர்ந்து தாங்குவதுபோல் இருந்தது அவருக்கு.

"ஐயா, இந்தக் கேள்வியெல்லாம் எழுதினவங்க எங்க வீட்டுப் பக்கம் வந்திருக்காங்களா? அப்படியே புட்டுப் புட்டு வெச்சிருக்காங்களே," என்று வியந்தார். எழுந்து போகும்போது இரண்டு கையையும் கூப்பி, "நீங்க தெய்வம் மாதிரி ஐயா. உங்கள ஒரு குறை சொல்ல முடியாது," என்றார்.

இயக்குநர் அடக்கத்தோடு தலையசைத்தார். இந்த மாதிரிச் சொற்கள் அவருக்குப் பழக்கமானவை.

பேட்டியில் கிடைத்ததையும் வாக்குமூலத்தில் குவிந்ததையும் கூட்டினால், நாற்பதுக்கு நாற்பது. இயக்குநர் மூன்று விதமாகக் கூட்டிப் பார்த்தார். அதே நாற்பது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நாற்பதைத் தொடாத பையன்! செய்தி கிடைத்ததும் பேராசிரியர் ஆச்சரியக்குறிகளால் ஆன ஒரு பதிலை அனுப்பினார். இப்படியொரு மதிப்பெண்ணை இதுவரை உலகில் யாரும் பெற்றதில்லை. இயக்குநர் நேரில் வந்து கட்டுரை வாசிக்க வேண்டும். அந்த இளைஞனையும் காணொளி வழியாக மேடைத் திரையில் காட்டினால், பேராளர்கள் பார்த்துப் பயனடைவார்கள்.

அன்று மாலையே இயக்குநர் புதிதாகச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினார்.

"சார், ஒரு சந்தேகம்," என்று ஆலோசகி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "எங்கம்மாவும் என்னை இப்படித்தான் திட்டுவாங்க. இதே வார்த்தைங்க. இன்னிக்குக் காலையிலகூட."

"எவ்வளவு வரும்?"

"கூட்டிப் பாத்தேன் சார். முப்பத்தேழு."

இயக்குநர் தம் நாற்காலியை மெதுவாகப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "நீங்களும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க," என்றார்.

டிரைவருக்குச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு ஆலோசகிக்கு வந்தது. உலகத்திலேயே முதல் மதிப்பெண் என்று கேட்டதும் பையன் குதித்தான்.

"நானாக்கா? ஃபர்ஸ்ட்டா? அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அம்மாதான்டா வாங்கிக் குடுத்தாங்க."

பிறகு அவள் மீதியையும் சொன்னாள். இவ்வளவு மதிப்பெண் வாங்கியவனை வெளியே விட முடியாது. 'தீவிரக் கண்காணிப்பில்' மேலும் இரண்டு வருஷம் வைத்திருக்கும்படி இயக்குநர் பரிந்துரை செய்துவிட்டார். பையன் சிரித்த முகத்தை மாற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குத்தான் தாங்கவில்லை.

"அப்ப ஒண்ணாம் தேதி?" என்றான்.

விஷயம் காதில் விழுந்ததும் டிரைவரின் அம்மா வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். இயக்குநர் அறையில் நின்றபடி, சொல்லிப் பழக்கமில்லாத சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

"ஐயா, நான் சொன்னதெல்லாம் சும்மா. எம் பையன்... தங்கம். ரொம்ப... வந்து... நல்ல பையன். பாசமானவன்."

இயக்குநர் கண்களைச் சுருக்கினார். "போன வாரம் கல்லுன்னீங்க. இந்த வாரம் தங்கம்ங்கறீங்க. ஒரே வாரத்துல உங்களையே மயக்கிட்டான் பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் 'மேலோட்டமான வசீகரம்'. முதல் கேள்வியே அதுதான்."

அந்த அம்மா வராந்தாவில் வந்து நின்று ஆலோசகியின் கையைப் பிடித்துக்கொண்டார். "திட்டினாலும் உள்ளதான். புகழ்ந்தாலும் உள்ளதான். நான் என்னம்மா பண்ணட்டும்?"

"விசாரணை முடியற வரைக்கும் எதுவுமே பேசாதீங்கம்மா. நீங்க பேசற ஒவ்வொண்ணுக்கும் மார்க் போடுவாங்க."

அடுத்த பார்வையாளர் நேரத்தில் அவர் வந்தார். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் அம்மா. வழக்கமாக அவர் உள்ளே நுழையும்போதே குரல் முன்னால் வந்துவிடும். அன்று வந்து உட்கார்ந்தார், மகனைப் பார்த்தார், வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எப்படிம்மா இருக்க?"

தலையை ஆட்டினார்.

"சட்டையில பட்டன் அறுந்துபோச்சும்மா."

கண்கள் பட்டனுக்குப் போயின. உதடு துடித்தது. பேச்சு வரவில்லை.

"தட்டக்கூட நான் சரியாக் கழுவறதில்லம்மா," என்று அவன் தூண்டில் போட்டுப் பார்த்தான். "பல்லும் தேய்க்கலை."

ஒன்றுமில்லை. பையனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போலீஸ் பிடித்தபோது வராத பயம், இரண்டு வருஷம் என்றபோது வராத பயம்.

"அம்மா, உடம்பு சரியில்லையா? என்னைய வேணாம்னு முடிவு பண்ணிட்டியா? திட்டும்மா. ஒரே ஒரு தடவ எருமைன்னு சொல்லும்மா!" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான்.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினார். வராந்தாச் சுவரில் சாய்ந்து அவர் அழுததை ஆலோசகி பார்த்தாள். அவளும் அழுதாள். இயக்குநரும் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணீரைக் கண்டு ஏமாறுகிறவர் அல்லர் அவர். 'போலி உணர்ச்சி, நடிப்பு உயர்தரம்' என்று குறித்துக்கொண்டு, கட்டுரையில் இதற்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கினார்.

விசாரணை நாள் வந்தது. சின்னக் கூடம். கரகரவென்று சத்தம் போடும் ஒலிபெருக்கி. நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிறவர். ஒரு பக்கம் டிரைவரும் அம்மாவும் ஆலோசகியும். மறுபக்கம் இயக்குநர், புதுக் கோட்டு போட்டுக்கொண்டு. மாநாட்டுக்காகத் தைத்தது, ஒத்திகையாக இருக்கட்டும் என்று போட்டு வந்திருந்தார்.

அவர் எழுந்து வாசித்தார்: "கனம் நீதிபதி அவர்களே, இவ்விளைஞன் விஞ்ஞான முறைப்படி அளக்கப்பட்டுள்ளான். இவனுக்குச் சூடு சொரணை கிடையாது..."

"யாருங்க சொன்னது?" என்று ஒரு குரல் கூடத்தை இரண்டாகப் பிளந்தது.

அம்மா எழுந்து நின்றிருந்தார். ஆலோசகி கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

நீதிபதி தாளைப் புரட்டினார். "நீங்கதான் சொன்னதா இங்க இருக்கேம்மா. சூடு சொரணை இல்லாதவன், தண்டச்சோறு, கருங்கல்லு. இதெல்லாம் நீங்க சொல்லலையா?"

"நான் சொன்னேன்ங்கம்மா. நான் சொல்லுவேன். பெத்தவ சொல்றதும் மத்தவங்க சொல்றதும் ஒண்ணாங்க?" என்றவர், சட்டென்று இயக்குநர் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "ஐயாவ ஒண்ணும் சொல்லலீங்க. அவரு எழுதியிருக்கறதப் படிக்கறாரு."

"இப்படித் தினமும் திட்டுவீங்களா?"

"தினமுமுங்க."

"கடைசியா எப்பத் திட்டினீங்க?"

அம்மாவின் குரல் இறங்கிப்போயிற்று. "திட்டினா உள்ளயே வெச்சிருவாங்கன்னாங்க. வாயக் கட்டிட்டேன். நெஞ்செல்லாம் அடைச்சுக்கிட்டுக் கிடக்குதும்மா. சோறு இறங்கல."

நீதிபதி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். அவன் மாநகராட்சிக் குழாய் மாதிரி விட்டு விட்டு அழுதுகொண்டிருந்தான்.

"சரிம்மா. இப்பத் திட்டுங்க."

"அம்மா?"

"என் முன்னாடி திட்டுங்க. மார்க் கிடையாது."

அப்புறம் அணை உடைந்தது.

"டேய் எருமை! பஸ்ஸா எடுத்த, பஸ்ஸு! சைக்கிள் இல்லேன்னா நடந்து போறதுக்குக் கால் இல்லையா உனக்கு? எவனாவது குறுக்க வந்திருந்தா? நீ எங்கயாவது மோதியிருந்தா? உன்னத் துணியில சுத்திக் குடுத்திருந்தா நான் என்னடா பண்ணியிருப்பேன், தடிமாடு! பாரு, எலும்பும் தோலுமா நிக்கறான். இங்க போடற சோத்த யாருக்குடா குடுத்த?"

"பக்கத்துக் கட்டில் சின்னப் பையனுக்கும்மா. ராத்திரில பசிக்குதுன்னு அழறான்."

"அவனுக்குக் குடுத்துட்டு நீ காத்தக் குடிச்சியா? அறிவுகெட்டவனே! பாதி குடுத்தா போதாதா? பெரிய தர்மப்பிரபு! அந்தப் பட்டன இன்னும் தெக்கல பாரு. ஊசி நூலு கேட்டா குடுக்க மாட்டாங்களா? சளி வேற பிடிச்சிருக்கு, மூக்கத் தொடைடா கழுதை..."

திட்டு நீண்டுகொண்டே போயிற்று. பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஒவ்வொரு வசவுக்கும் அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஆலோசகி கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் மட்டும் கடமை தவறாமல் குறிப்பெடுத்து, "கனம் நீதிபதி அவர்களே, பன்னிரண்டு கூறுகள் இப்போதே உறுதியாகிவிட்டன," என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"எங்கம்மா போனதுலேருந்து என்னை இப்படித் திட்ட ஆளே இல்ல," என்று தமக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். ஒலிபெருக்கி அதைக் கூடம் முழுக்கப் பரப்பிவிட்டது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "பையனை அம்மாவோட அனுப்புங்க. இன்னிக்கே. ஒண்ணாம் தேதி வேலைக்குப் போகட்டும்," என்று கையெழுத்துப் போட்டார். "டேய், லைசென்ஸ் எடுக்காம ஸ்டியரிங்கத் தொட்டேன்னா நானே வந்து உங்கம்மாவ விட ஜாஸ்தியாத் திட்டுவேன்."

இவ்வாறாக, மேற்குலகம் அல்லாத பண்பாடுகளின் ஒரே உயர்நிலைக் கல்நெஞ்சன் விஞ்ஞானத்தின் கையிலிருந்து நழுவிப்போனான்.

வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோயிருப்பார்கள். இயக்குநர் பெருந்தன்மை நிறைந்தவர். வராந்தாவில் மகனின் காதைப் பிடித்துத் திட்டிக்கொண்டே நடந்துபோன அந்த அம்மாவை அவரே போய் நிறுத்தினார். மாநாடு போனால் போகிறது, பொதுமக்கள் மனதில் தமக்கு இருக்கும் இடம் போய்விடவில்லை என்பதை ஒரு முறை காதால் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. ஆலோசகியும் பக்கத்தில் இருந்தாள், சாட்சிக்கு நல்லது.

"பெத்த புள்ளைய நீதிபதி முன்னாலயே அத்தனை திட்டுத் திட்டினீங்க," என்றார் புன்னகையோடு. "ஆனா அவன உள்ள வெக்கணும்னு சொன்ன என்னை இதுவரைக்கும் நீங்க ஒரு வார்த்த திட்டினதில்ல. அதுக்கு என்ன காரணம்னு சொல்லுங்க பாப்போம்."

"உங்களப் போயி நான் எதுக்கு ஐயா திட்டப் போறேன்?" என்றார் அந்த அம்மா, மகனின் காதை விடாமல், மிகுந்த மரியாதையோடு. "திட்டினா திருந்துவாங்கன்னு நம்பிக்கை இருக்கறவங்களத்தானே திட்ட முடியும்?"